ஏழாம் மாடியில் கை நனைத்தது

ஒரே ஒரு நகரமாம், அந்த நகரத்துக்கு நட்டநடுவில் ஒரு கட்டடமாம், அந்தக் கட்டடத்தில் ஏழாவது மாடியாம், ஏழாவது மாடியில் ஒரு வீடாம், அந்த வீட்டுக்குக் கட்டில் உண்டாம் சொந்தக்காரன் இல்லையாம், அடுப்பு உண்டாம் நெருப்பு இல்லையாம், வாசல் உண்டாம் கோலம் இல்லையாம், யார் வந்து படுத்தாலும் அவங்க வீடு மாதிரியே நடிக்குமாம். காலையிலிருந்து இப்படித்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. தாத்தா கதை சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைக்குப் பயம் வந்தாலும் கதையாகத்தான் வரும் போலிருக்கிறது. சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்று இதற்குப் பெயர், எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம், கதவில் அட்டையைத் தேய்த்தால் பச்சை விளக்கு எரிந்து திறக்கிறது, அதே அட்டையைச் சுவரில் செருகினால்தான் கரண்ட்டே வருகிறது, அம்மா அதைப் பார்த்துவிட்டு “இதென்னய்யா, சாவியப் பிடுங்குனா வீடே செத்துப்போகுது” என்றாள். கத்திரி வெயில். ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்தால் சுடுகிறது, கீழே தண்டவாளங்கள் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னுகின்றன, தர்பூசணி வண்டிக்காரன் வண்டிக்கு அடியிலேயே புகுந்து உட்கார்ந்திருக்கிறான். உள்ளறையில் ஏ.சி.யைக் கடைசிக் குளிருக்கு வைத்துக்கொண்டு பெரியப்பா தூங்குகிறார். சாத்தூரிலிருந்து இரவு ரயிலில் வந்த களைப்பு. நாலு மணிக்கு நான் கட்டிக்கொள்ள நினைக்கிற எழிலும் அவள் அம்மாவும் வருவார்கள். வந்தால் பெரியப்பா பேசுவார். பேசினால், சரி என்பாரா இல்லை என்பாரா என்று கேட்கவே தேவையில்லை, ஸ்டேஷனில் இறங்கி முதல் பேச்சே அதுதான், “பாக்குறேன், பேசுறேன். ஆனா கை நனைக்க மாட்டேன், சொல்லிட்டேன்.” எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம், அதற்கப்புறம் பேச்சு மாறக் கூடாது. நனைக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிற மனுசன் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார். அவங்க வேற ஆளுங்க, வேற சாதி. அவ்வளவுதான் காரணம். அதைத் தவிர அவளிடம் குறை சொல்ல அவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, தேடிப் பார்த்திருப்பார், கிடைக்கவில்லை.

இந்த இடமும் அவர் யோசனைதான். நான் இருப்பது திருவல்லிக்கேணி மேன்ஷனில், மூன்று பேருக்கு ஒரு அறை, அங்கே யாரைக் கூட்டிப்போவது. பெரம்பூரில் எழில் வீட்டுக்குப் போகலாம் என்று போனில் சொன்னேன், சொன்னேனா, முனகினேன், அதற்கு அவர் “அங்க போனா தண்ணியக் குடுப்பாக, காப்பியக் குடுப்பாக, மோரக் குடுப்பாக, நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே உக்காந்திருக்கணும். அவங்க வீடும் வேண்டாம், நம்ம வீடும் வேண்டாம், பொதுவா ஒரு இடத்தப் பாரு, பேசிட்டு எந்திரிச்சுருவோம்” என்றார். கை நனைக்காத விஷயத்தில் பெரியப்பா எங்கள் வட்டாரத்தில் பேர்போனவர். சீனிராஜ் கை நனைச்சுட்டாரா, அப்ப முடிஞ்சது என்பார்கள். கழுகுமலைப் பக்கம் யாருக்கோ பெண் பார்க்கப் போன இடத்தில் பேச்சு பொழுது சாய இழுத்ததாம், இலை போட்டுப் பாயாசம்வரை பரிமாறிவிட்டார்களாம், பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை நடந்து டீக்கடையில் பன் தின்றாராம். இதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். அப்பா போன பிறகு என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டதும் அந்தக் கைதான். அதனால்தான் அவர் வேண்டாம் என்றால் நான் அவரை விட்டுவிட்டுப் போய்த் தாலி கட்டிவிடலாம் என்று எழிலிடம் ஒரு நாளும் சொல்ல வாய் வரவில்லை, அவளை விட்டுவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. என் வாயே அப்படி. தாத்தா கதை சொன்னால் பக்கத்தில் ஒருத்தன் உம் கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும், அந்த வேலை எனக்கு. ராஜா வேட்டைக்குப் போனாராம். உம். காட்டில் வழி தப்பிட்டாராம். உம். இருபத்தாறு வயதாகியும் என் வாய் வேறு வேலைக்குப் போகவில்லை. நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறபோதுகூட, இது தெளிவா, இது தெளிவா என்று நான் கேட்பது காதில் விழாமல் ஆட்கள் லென்ஸோடு முகத்தைத் திருப்பி “ஆங்?” என்பார்கள். கல்லாவிலிருந்து எழில் கத்துவாள், “இது தெளிவா இல்லையானு கேக்கறார் சார்!” அப்படித்தான் பழக்கம்.

இட்லி ஊசிப்போய்விட்டது. அதில்தான் இன்றைக்கு எல்லாம் ஆரம்பித்தது. வழிக்கென்று அம்மா கட்டிக்கொண்டு வந்த இட்லி ரயில் புழுக்கத்தில் நூல் விட்டுவிட்டது, வெளியில் வாங்கித் தருகிறேன் என்றால் பெரியப்பா டீ, பன்னோடு சரி, கடைச் சோறு தொட மாட்டார், சர்க்கரை வேறு, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். அம்மா அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள், அரிசி, பருப்பு, சோறு வடிக்கிற வெண்கலப் பானை, ஈயச்சட்டி, எல்லாம் ஒரு சாக்குப் பையில். பானையைத் தூக்கிக் கண்ணாடி அடுப்பில் வைத்தாள், அது கீ என்று கத்தியது. சட்டியை வைத்தாள், கீ. அழுத்திவைத்தாள், கும்பிட்டுவைத்தாள், கீ கீ. இரும்போ எவர்சில்வரோ வைத்தால்தான் அது சூடாகும் என்றேன், “நம்ம பாத்திரத்த அதுக்குப் பிடிக்கலையாக்கும்” என்று அடுப்பையே முறைத்தாள். அலமாரியில் இவர்கள் வைத்திருக்கிற எவர்சில்வர் சட்டி இருக்கிறது, ஆனால் அதை அவள் தொட மாட்டாள், யார் யார் என்னென்னத்தைப் பொங்கினார்களோ. ஊரிலிருந்து வெண்கலப் பானையைச் சுமந்துகொண்டு வந்து ஏழாவது மாடியில் பட்டினி கிடக்கிற குடும்பம் எங்களைத் தவிர யார் இருப்பார்கள். குளியலறைக்குள் போய் எழிலுக்குப் போன் செய்தேன். அடுப்பு கத்துகிற கதையைப் பேச்சுவாக்கில்தான் சொன்னேன், எதையும் எதிர்பார்த்துச் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை, சொன்னேனோ? மனசின் அடியில் என்ன கிடந்ததென்று யாருக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் எழில், கையில் தயிர்ப் பாக்கெட், முகமெல்லாம் வேர்வை, அவளுக்கு முன்னால் அவள் அம்மா வசந்தி, இடுப்பில் குழந்தையை வைத்திருப்பது மாதிரி ஒரு எவர்சில்வர் குக்கர். “நாலு மணிக்குத்தானே அத்தை,” என்றேன். “நாலு மணிக்கு நாலு மணி பேச்சு. பசியா இருக்கறவங்ககிட்ட போயி இன்னா பேசறது தம்பி? எங்க அடுப்பு?” செருப்பை விட்ட வேகத்தில் அடுப்படிக்குப் போய்விட்டார். அம்மா ஒரு நிமிடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், அப்புறம் அரிசியைக் களைந்து கொடுத்தாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, ஆனால் ஒரு தடவை அம்மா சிரித்தது கேட்டது, பெரியப்பா எழுந்துவிடுவாரோ என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. சோறு ஆறியதும் தயிர் விட்டுப் பிசைந்து, கடுகு தாளித்துக் கொட்டி, பையிலிருந்து மாங்காய்த் தொக்கு ஒரு டப்பா எடுத்து வைத்துவிட்டு வசந்தி அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் செஞ்சேன்னு சொல்லாதீங்கக்கா. அண்ணன் வயிறார சாப்பிடட்டும். நாங்க கீழ உக்காந்திருக்கோம், நாலு மணிக்குப் புதுசா வர்ற மாதிரி வர்றோம்.” எழில் போகிறபோது என் முழங்கையைக் கிள்ளினாள். அவர்களோடு லிஃப்ட் கீழே இறங்கியது. கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கரண்ட் போய்விட்டது.

கரண்ட் போனதும்தான் இந்த இடம் எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. ஏ.சி.யின் உறுமல், ஃபிரிட்ஜின் முனகல், எங்கேயோ சுவருக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, எல்லாம் ஒரே மூச்சில் நின்று காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. கீழே போன் போட்டால் ஜெனரேட்டருக்கு ஆள் வந்துகொண்டிருக்கிறான் சார், லிஃப்டும் ஓடாது சார் என்றான் ரிசப்ஷன்காரன். உள்ளறைக் கதவு திறந்து பெரியப்பா வந்தார், பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது, கை லேசாக நடுங்கியது. “சுடுகாட்டுல கூட இந்தச் சூடு இருக்காதுடா. ஏதாச்சும் இருக்காம்மா?” அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அம்மா தட்டை வைத்தாள். அவர் சம்மணம் போட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார், அவருக்கு மேசை பிடிக்காது. இப்போது சொல், இப்போதே சொல், கை இன்னும் தட்டைத் தொடவில்லை, சொன்னால் எழுந்துவிடுவார், எழுந்தால் பசியோடு மயங்கி விழுவார், விழட்டும் என்று சொல்கிறாயா, இல்லை, அப்போ சாப்பிட்ட பிறகு சொல், சாப்பிட்ட பிறகு சொன்னால் ஏமாற்றினது, சொல்லாமலே விட்டுவிடு, விட்டால் நாலு மணிக்கு அவர் அவர்களைப் பார்த்து வேண்டாம் என்பார், அவர்கள் பொங்கின சோற்றை வயிற்றில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்பார், அதைவிட அசிங்கம் உண்டா, அவருக்கே அசிங்கம், தெரியாமல் செய்கிற அசிங்கம். தாத்தா கதைகளில் தெரியாமல் தின்றாலும் பலன் உண்டு, ராணிக்கென்று முனிவர் கொடுத்த மாம்பழத்தை வேலைக்காரி தெரியாமல் கடித்துவிட்டால் அவளுக்கும் பிள்ளை பிறக்கும். ஆனால் இது மாம்பழம் இல்லையே, இது பெரியப்பா, கதையில் வருகிற ஆளைத் தந்திரம் பண்ணி ஜெயிக்கலாம், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவரைத் தந்திரம் பண்ணி ஜெயித்து அப்புறம் அந்த ஜெயிப்பை எங்கே வைத்துக்கொள்வது. முதல் உருண்டை போய்விட்டது. இரண்டாவது போய்விட்டது. தொக்கை விரலால் தொட்டு நாக்கில் வைத்து அவர் கண்ணை மூடினார், தொண்டைக்குழி ஏறி இறங்கியது, கை நடுக்கம் நின்றிருந்தது. “இன்னுங் கொஞ்சம் போடு. ஏம்மா, இத்தனை வருசமா உன் கைச் சோறு சாப்பிடுறேன், இன்னைக்குத்தான் உனக்கு உப்பு பிடிபட்டிருக்கு.” அம்மா கரண்டியோடு குனிந்தாள், அவள் உதடு பிரிந்தது, ஆமாம் என்று சொல்லப்போகிறாள். கீழே மின்விசிறி நின்ற ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வசந்தி அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கைச் சோறு அவர் கைச் சோறாகவே இருக்க வேண்டாமா?

“பெரியப்பா, அது அம்மா சமைச்சதில்ல. எழிலோட அம்மா வந்து சமைச்சது.” நான்தான் சொன்னேன். எப்போதும் சொல்கிற அளவு சத்தத்தில்தான் சொன்னேன், ஆனால் அந்த அறையில் வேறு சத்தமே இல்லாததால் அது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ஆங் என்று யாரும் கேட்கவில்லை. பெரியப்பாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. “எப்பச் சொல்ற?” “இப்பத்தான்.” “கை நனைஞ்ச பெறகு.” “முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க சாப்பிட்டிருக்க மாட்டீங்க.” “மாட்டேன்.” “சொல்லாமலே விட்டிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நான் அவளத்தான் கட்டுவேன் பெரியப்பா, நீங்க சரின்னாலும் கட்டுவேன், இல்லைன்னாலும் கட்டுவேன். ஆனா நீங்க தெரியாமச் சாப்பிட்டதா இருக்கக் கூடாது.” இவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதே இல்லை. ஆனாலும் வாய் ஆடவில்லை, வாய் அதுபாட்டுக்கு நிமிர்ந்து நின்றது. அவர் எழுந்தார். அடுப்படித் தொட்டியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கழுவிவிடப்போகிறார், கழுவினால் முடிந்தது என்று நினைத்தேன், ஆனால் அவர் பால்கனிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா என் தோளில் அடித்தாள், அடித்துவிட்டு அதே இடத்தைத் தடவினாள். கண்ணாடிக்கு அப்பால் அவர் முதுகு, வெள்ளை வெயில், எச்சில் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்து அந்தக் கையையே பார்க்கிறது, அவர் அதை விரட்டக்கூட இல்லை. என்ன நினைப்பார்? ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலாக நினைத்துப் பார்ப்பார், யார் சிரிப்பார்கள் யார் துப்புவார்கள் என்று பார்ப்பார், கழுகுமலை இலையை நினைப்பார். அவ்வளவு வெயிலில் ஒரு மனுசன் எவ்வளவு நேரம் நிற்க முடியும். நான் போய் உள்ளே கூப்பிட வேண்டும், கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் கெஞ்சுவது மாதிரி ஆகும், நான் கெஞ்சவில்லை, முதல் முறையாக நான் கெஞ்சவில்லை. வேண்டாம் என்றே சொல்லட்டும். சொன்னாலும் நான் சொன்னது சொன்னதுதான், அதை இனி யாராலும் என் வாய்க்குள் திருப்பி வைக்க முடியாது. அதை நினைத்ததும் அந்தப் பயத்துக்கு நடுவிலேயே சில்லென்று ஒன்று, பானைத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்த மாதிரி, ஏறி இறங்கியது.

அவர் திரும்பி வந்து அதே தட்டுக்கு முன்னால் அதே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “அரிசி யாருது?” பஞ்சாயத்துக் குரல். “நம்மதுதான் அத்தான், ஊர்லருந்து கொண்டாந்தது,” என்றாள் அம்மா. “குக்கரு?” “அவங்களது.” “தயிரு?” “அந்தப் பிள்ள வாங்கிட்டு வந்தது.” “உப்பு?” “இங்க அலமாரியில இருந்துச்சு.” “ஊறுகா?” அம்மா என்னைப் பார்த்தாள், “அதுவும் அவங்க போட்டதுதான்.” பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, அவருக்கு ஒரு வழி விட்டுக்கொடுக்கப் பார்த்தாள், “இது ஹோட்டல்தானே அத்தான், அவங்க வீடா என்ன? கை நனைச்சதா ஆகாது.” அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். “கோவில்பட்டிக்காரன் ஒருத்தன் பொண்ணு வீட்டுல காப்பியக் குடிச்சிட்டு, காப்பி கணக்குல வராதுன்னான். வரும்டான்னு நாலு பேருக்கு முன்னால அவன உக்கார வச்சது யாரு? நான். சோறு எந்தச் சுவத்துக்குள்ள வெந்துச்சுன்னா கேப்பாக? யாரு பொங்குனதுன்னு கேப்பாக. ஊருக்கெல்லாம் ஒரு கணக்கு, சீனிராஜுக்கு மட்டும் தனிக் கணக்கா?” “ஊர்ல கேட்டா?” என்றாள் அம்மா மெதுவாக. “கை நனைச்சிட்டேன்னு சொல்றேன். எவன் வந்து எங் கையக் காய வைக்கிறான்னு பாப்போம்.” சொல்லிவிட்டு மிச்சச் சோற்றை ஒரே கவளமாக உருட்டி வாயில் போட்டு, மென்றுகொண்டே என் பக்கம் திரும்பினார். “ஏண்டா, இத்தனை வருசமா வாயில என்ன, கொழுக்கட்டையா இருந்துச்சு? எங்க அவங்க?” “கீழ ஹால்ல.” “கரண்டில்லாத ஹால்லயா? பொங்கிப் போட்ட பொம்பளையக் கீழ வேக வச்சிட்டு நான் மேல உக்காந்து தின்னுக்கிட்டிருக்கேன், நீயும் பாத்துக்கிட்டு நிக்கிற, அறிவிருக்காடா? கூப்பிடு!”

கை கழுவச் சொன்னாள் அம்மா, அவர் கழுவவில்லை. காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்த கையை முழங்கால்மேல் மலர்த்தி வைத்துக்கொண்டு, அவங்க வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார். எழிலுக்குப் போன் போட்டேன், லிஃப்ட் ஓடாததால் ஏழு மாடியும் ஏறித்தான் வர வேண்டும். நான் திறந்த கதவோரம் நின்று படிக்கட்டுக் கிணற்றுக்குள் காதை வைத்திருந்தேன், வெகு ஆழத்திலிருந்து இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம், நிற்கிறது, மூச்சு வாங்குகிறது, மறுபடி ஏறுகிறது, எழிலின் குரல், “இன்னும் ஒண்ணுதாம்மா, ஒண்ணுதான்,” அது பொய், இன்னும் மூன்று இருந்தது. வந்துவிட்டார்கள். வசந்தி அத்தையின் முகம் செங்கல் மாதிரி சிவந்திருந்தது, என்ன நடந்தது என்று தெரியாமல் வாசலிலேயே நின்று கும்பிட்டார், குற்றவாளி மாதிரி. பெரியப்பா எழுந்தார். இடது கையால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எச்சில் கையை மறைக்காமல் நன்றாகத் தெரிகிறபடி முன்னால் நீட்டிக்கொண்டு, “வாங்க சம்பந்தி,” என்றார். அத்தை திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். “யாரச் சொல்றீங்கண்ணே?” “உங்களத்தான். பின்னால வேற யாரு இருக்கா? லிஃப்டா?” அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார், ஏறி வந்ததில் வாங்குகிற மூச்சு மாதிரியும் இருந்தது, அப்படி இல்லாத மாதிரியும் இருந்தது. எழில் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், அவள் கண் இரண்டும் முட்டை மாதிரி விரிந்திருந்தது. “சாப்பிட்டீங்களா?” என்று பெரியப்பா கேட்டார். இல்லை என்று அத்தை தலையசைத்ததும், “அப்ப உக்காருங்க. எங்க அரிசிதான், நீங்களும் கை நனைங்க, கணக்கு சரியாப் போகட்டும்” என்றுவிட்டு அப்போதுதான் குழாயடிக்குப் போனார், குழாயைத் திறந்த அடுத்த நொடி “அடேய், கொதிக்குதுடா!” என்று அவர் போட்ட சத்தத்தில் அம்மா முதல்முறையாக வாயைப் பொத்தாமல் சிரித்தாள். ஆவணியில் கல்யாணம் என்றார். ஊரில் ஒரு தடவை, பெரம்பூரில் ஒரு தடவை விருந்து என்றார். தொக்குக்கு வெல்லம் போட்டீர்களா என்று கேட்டார், போட்டேன் என்றதும் எனக்கு ஆகாது, ஆனாலும் இருக்கட்டும் என்றார். அத்தை பயம் தெளிந்து, “சக்கர இருக்கறவரு மூணு தரம் வாங்கித் தின்னா இன்னாண்ணே பண்றது?” என்றார். கரண்ட் வரவேயில்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை, எல்லோரும் ஆளுக்கொரு பேப்பரால் விசிறிக்கொண்டு, நனைந்து, சத்தமாக, ஒருத்தர் பேச்சில் ஒருத்தர் ஏறிப் பேசிக்கொண்டிருந்தார்கள், நடுவில் நானும் பேசினேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை, பெரியப்பா ஒரு தடவை “நீ கொஞ்சம் சும்மா இருடா, சம்பந்தி பேசட்டும்” என்று என்னை அடக்கினார். என்னை!

வெயில் சாய்ந்ததும் கிளம்பினார்கள். குக்கரைத் தானே தூக்கி வருவேன் என்று பெரியப்பா பிடிவாதம் பிடித்தார், ஏழு மாடியா என்றாள் அம்மா, வந்தவங்கள வாசல்வரைக்கும் விடாம என்ன மரியாதை என்று முன்னால் இறங்கிவிட்டார், அவருக்குப் பின்னால் “மெதுவாண்ணே, மெதுவா” என்று வசந்தி அத்தை, அத்தைக்குப் பின்னால் ஒரு பையில் மிச்ச அரிசியைக் கட்டிக்கொண்டு அம்மா. வராந்தாவில் எழிலும் நானும் மட்டும் நின்றோம். “என்ன சொன்ன நீ?” என்றாள். “நடந்ததச் சொன்னேன்.” “சத்தமாவா?” “இல்ல.” “பின்ன எப்படிக் கேட்டுச்சு அவருக்கு?” அவள் சிரித்தாள், என் சட்டைப் பித்தான் ஒன்று திறந்திருந்ததைப் போட்டுவிட்டாள், வராந்தாவில் வைத்து, யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்காமல், “வர்றேன் மாப்ள” என்று சொல்லிவிட்டு நடந்தாள். இத்தனை வருசமும் பஸ் ஸ்டாப்பில், ரயிலடியில், கடை வாசலில், எங்கே பிரிந்தாலும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போவாள், நான் அங்கேயே நிற்கிறேனா என்று, அடுத்த தடவை என்று ஒன்று இருக்கிறதா என்று. நின்று பார்க்கிறேன். முதல் வளைவில் திரும்புவாள் என்று நினைக்கிறேன், திரும்பவில்லை. இரண்டாவது வளைவிலும் இல்லை. கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல், இரண்டிரண்டு படியாகத் தாவித் தாவி அவள் இறங்கிப் போகிறாள்.